பாட்டும் பண்ணிலக்கணமும்

இறைவனைப் பாடக் கருதும் ஒருவன் இசைநூலைக் கற்ற பின்னரே அதற்கு உரியனாவனோ, அன்றி அன்பு ஒன்றே அமையுமோ என்னும் வினா பழமையானது. பழமையானதாயினும் இன்றுங்காறும் ஒழிந்ததன்று. திருக்கோயிற் சந்நிதியில் நின்று உள்ளங் கசிந்தும், பண் அறியாமை பிறர்க்குப் புலனாகுமே என்னுங் கூச்சத்தால் வாய் திறவாது மீளும் அடியார் பலர். பயிற்சியின் வருத்தத்திற்கு அஞ்சி, அன்பு இருக்க இலக்கணம் எற்றுக்கு எனத் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, தோன்றியவாறு பாட்டியற்றித் தோன்றியவாறு பாடி அமைவாரும் பலர். முன்னையோர் வாய் மூடுதலால் வழிபாடு குறைகின்றது. பின்னையோர் கல்லாது விடுதலால் மரபு குறைகின்றது. ஆதலின் இவ்வினா இசைவாணர் மன்றத்திற்கு மட்டும் உரியதன்று; அடியார் ஒவ்வொருவர் ஒழுக்கத்தையும் பற்றியதாம்.

இதனை ஆராய்தற்கு ஏற்ற களம் திருமுனைப்பாடி நாடு. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரித்தமைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்கண், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், திருநாவலூர் என்னும் திருப்பதி உளது. சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் திருமகனாராய் நம்பியாரூரர் அவதரித்தருளியது இவ்வூரிலேயாம். நரசிங்கமுனையரையர் அவரை மகன்மை கொண்டு வளர்த்தனர். பெற்ற அன்னையார் திருப்பெயரிலேயே இசை என்னுஞ் சொல் அமைந்து கிடத்தல் எண்ணி மகிழத்தக்கது. பின்னர்த் திருமணக்கோலத்தில் நின்ற அப்பெருமானை முதிய வேதியராய் வந்த இறைவன் ஆவணங் காட்டி வழக்கிட்டுத் தடுத்தாட்கொண்டருளிய திருவெண்ணெய்நல்லூரும் அத்திருமுனைப்பாடி நாட்டதே. அங்கு நிகழ்ந்த அருட்செயலில் இவ்வினாவிற்கு விடை பெரும்பாலும் அடங்கியுள்ளது.

வழக்கில் வென்ற இறைவன், தனக்குரிய அருச்சனையாவது பாட்டே என உணர்த்தி, சொற்றமிழாற் பாடுமாறு நம்பியாரூரரைப் பணித்தருளினான். அவரோ, அளவிலாத குணக்கடலாகிய முதல்வனைப் பாடுதற்கேற்ற அறிவும் சொல்லும் தம்பால் இல்லை என விண்ணப்பித்து நின்றார். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் பண் அறியேன் என்றாரல்லர். தாளம் அறியேன் என்றாரல்லர். பாடப்படும் பொருளை அறியாமையே அவர்க்குக் குறையாய்த் தோன்றிற்று. அக்குறையை இறைவன் நிரப்பிய வகையும் வியப்புக்குரியது. வழக்காடிய காலத்து அவர் வெகுண்டு தன்னை வைத பித்தன் என்னுஞ் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்றருளினான். வசைச்சொல் வழுத்துச்சொல் ஆயிற்று. பாட்டின் பொருள் அருளால் வந்தது. முதற்சொல்லும் அருளால் வந்தது.

அங்ஙனமாயின் இசையிலக்கணம் அப்பாட்டில் யாது செய்தது? சேக்கிழார் பெருமான் இவ்விடத்தைப் பாடி அருள்வரவு ஒன்றையே கூறி அமைந்தாரல்லர். நம்பியாரூரர் இந்தளப் பண்ணில் இசை முறையும் பாணியும் குறைவற நிறைய அத்திருப்பதிகத்தைப் பாடினமையை, இசைநூற் சொற்களையே பெய்து விதந்தோதினார். அருளால் வந்த பாட்டிற்கு அளவை எதற்கு என்று அப்பெரியார் கருதினாரிலர். அருளால் வந்ததாகலினன்றே அளவு பிழையாது வந்தது என்பதே அவர் கருத்தாதல் தெளிவு. ஆனாய நாயனார் புராணத்திலும், குழல் கொள்ளும் முறையும் துளையிடும் முறையும் இசை கூட்டும் முறையும் விரித்துரைத்த பின்னரே, அவர் அக்குழலில் ஐந்தெழுத்தை இசைத்தமை கூறினார். அன்பும் இலக்கணமும் ஒன்றற்கொன்று பகையென்னும் எண்ணம் திருத்தொண்டர் புராணத்திற்கு உடன்பாடன்று.

இனி, இலக்கணமே பாட்டைப் பிறப்பிக்கும் என்பார் கூற்றை ஆராய்வாம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையும், ஏழும் நிரம்பிய பண், ஆறிசையாற் பண்ணியற்றிறம், ஐந்திசையால் திறம், நான்கிசையால் திறத்திறம் என்னும் வகுப்பும், அவை விரிந்த 103 பண்களும் கற்றான் ஒருவன் பாட்டியற்றவல்லன் எனின், கற்றார் அனைவரும் பாட்டியற்றுவோராதல் வேண்டும். அஃது உலகிற் காணப்படாமையின் அக்கூற்று நிரம்பாது. இதற்குக் கல்லிற் பொறித்த சான்றும் உண்டு. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தால் ஏழு பகுப்பாக இசைக்குறிகள் வரி வரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பார்பாற் பயின்ற ஓர் அரசன், மகேசுவரனிடத்துப் பேரன்பு பூண்டவன், மாணாக்கர் நலங்கருதி அவற்றை ஆக்கினான் என அக்கல்வெட்டே கூறும். இசைக்குறிகள் உள, பாட்டின் சொல் ஒன்றேனும் ஆங்கில்லை. அக்குறிகளை அறிஞர் ஆராய்கின்றனர். அடியார் ஒருவரும் அவற்றைச் சந்நிதியில் நின்று பாடி உருகுகின்றாரிலர். இலக்கணம் மட்டும் எஞ்சிய இடத்தில் பாட்டு இல்லை என்பதற்கு அப்பாறையே கரி.

அன்பு ஒன்றே அமையும், இலக்கணம் வேண்டா என்பார் கூற்று அடுத்து நிற்பது. அவர் தம் கொள்கைக்குக் கல்வராயன் மலையை எடுத்துக்காட்டுவர். அம்மலையில் மலையாளி என வழங்கப்பெறும் மலைவாணர் சாமையும் தினையும் விளைத்து வாழ்கின்றனர். விதைப்பிலும் அறுப்பிலும் திருவிழாவிலும் அவர் பாடுகின்றனர், தாய்மார் தாலாட்டுகின்றனர். அவருள் எவர் இசைநூல் கற்றார்? கல்லாமலே பாட்டு நிகழ்தலின் கல்வி மிகையே என்பது அவர் வாதம்.

அற்றன்று. நூல் இன்மை வேறு. இலக்கணம் இன்மை வேறு. பலர் கைகோத்தும் அடிபெயர்த்தும் ஆடிப் பாடும் இடத்துப் பாட்டின் காலம் ஒருவன்பாற் பிழைப்பின், அடுத்தவன் அடி தடுமாறும். மூத்தோர் அவனைத் திருத்துவர். அடுத்த முறை அவன் பிழையான். அங்ஙனம் திருத்துதற்கு மூத்தோர் உளத்தில் ஓர் அளவை இருத்தல் வேண்டும், அவ்வளவையே இலக்கணம். அஃது ஏட்டில் இல்லை. செவியிலும் அடியிலும் உளது. பாட்டு முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றின என்பது மெய்யே. ஆயினும் பின் தோன்றிய இலக்கணமே அடுத்த தலைமுறையின் பாட்டிற்கு முன் நிற்பதாகின்றது. மலைவாணர் இலக்கணமின்றிப் பாடுகின்றனர் என்றல் அவர்க்குப் பெருமை கூறுதல் போலத் தோன்றினும், அவர் வழிவழியாகக் காத்துவரும் முறையைக் காணாது விடுதலே ஆகும்.

அம்மலையிற் பிறந்து கள்ளக்குறிச்சி வழியாக ஓடும் கோமுகியாறு இதனை விளக்கும். மலையடிவாரத்தில் அதற்கு அணை உண்டு. அணை நீரைப் பிறப்பிப்பதன்று. மழை பெய்யாத ஆண்டில் அணை எத்துணை உறுதியாயினும் வயல் காயும். ஆயினும் மழை பெய்த ஆண்டில் அணையும் வாய்க்காலும் இல்லையேல், வந்த நீர் வந்தவாறே ஓடிப்போம். கடைமடைக்கு ஒரு துளியும் எய்தாது. மழை அருளையும் அன்பையும் ஒக்கும். வாய்க்கால் இலக்கணத்தை ஒக்கும். வாய்க்கால் வெட்டினவன் மழையைத் தான் பெய்வித்ததாகச் செருக்குறுதல் பேதைமை. மழை பெய்தது என்று வாய்க்காலைத் தூர்த்துவிடுதலும் பேதைமையே.

சித்தாந்த நூலோர் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றாக வகுப்பர். குடத்திற்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். பாட்டிற்குச் சொல்லும் ஒலியும் முதலாம், இசையிலக்கணம் துணையாம், பாடுவோன் நிமித்தமாம். அப்பாடுவோன் அறிவும் தானே விளங்குவதன்று. கதிரவன் ஒளி இன்றிக் கண் காணாதவாறு போல, முதல்வன் உணர்த்தாதவழி உயிர் உணராது. சக்கரத்தைக் குயவன் என மயங்குவோர் இலக்கணமே பாட்டு என்பார். சக்கரம் இன்றியே குடம் வனைவேன் என்போர் இலக்கணம் வேண்டா என்பார். இரு திறத்தாரும் காரணங்களின் எல்லையைப் பிறழ உணர்ந்தோரேயாவர்.

வாக்கு நான்கென்னும் கொள்கையும் இதனை வலியுறுத்தும். சுத்தமாயையிற் சூக்குமையாய் நிற்கும் வாக்கு, மயில்முட்டை நீரில் பலநிறமும் அடங்கினாற்போல வேறுபாடு தோன்றாது பைசந்தியாய், உள்ளத்தே எழுத்தும் சொல்லும் முறைப்பட்டு மத்திமையாய், செவிக்குப் புலனாகி வைகரியாய் வெளிப்படும். சூக்குமையிலும் பைசந்தியிலும் பாடுவோனுக்குச் செயல் இல்லை. மத்திமையில்தான் முறைப்படுத்தல் நிகழ்கின்றது. இசையிலக்கணம் புகுந்து தொழில் செய்யும் இடம் அதுவே என்று கொள்ளுதல் பொருந்தும். ஆகவே அது பாட்டின் ஊற்றன்று. ஊற்று வெளிப்படும் வாயிலைச் செம்மை செய்வது.

பாட்டியற்றுவோனுக்கு அது செய்யும் உதவி இரண்டு. பொருளுக்கேற்ற பண்ணைத் தெரிந்து கொள்ளுதல் ஒன்று. திருவொற்றியூரிற் செய்த சபதம் பிழைத்தமையாற் கண்ணொளி இழந்த நம்பியாரூரர், காஞ்சியில் இடக்கண் பெற்று, திருவாரூரை அடைந்து, தோழமை உரிமையால் முறையிட்டு வலக்கண்ணும் பெற்றார். அவ்வாரூர்த் திருப்பதிகம் செந்துருத்திப் பண்ணில் அமைந்தது. மூவர் தேவாரம் முழுவதிலும் செந்துருத்தியில் அமைந்த பதிகம் அஃது ஒன்றே. தம் ஆட்பட்ட நிலைக்கு முதலாகிய வெண்ணெய்நல்லூரில் இந்தளம். தம் துயரின் எல்லையாகிய ஆரூரில் பிறிதோரிடத்தும் எடாத செந்துருத்தி. பொருள் வேறுபட்டவழிப் பண்ணும் வேறுபட்டமை காண்க.

மற்றொன்று கட்டளை. ஒரு பதிகத்தின் பாட்டுக்கள் அனைத்தும் குறிலும் நெடிலும் சீரும் அடியும் ஓரளவாய் ஒத்து வருதலையே கட்டளை என்பர். முதற்பாட்டின் இசையைக் கற்றவன் எஞ்சிய பாட்டுக்களையும் அவ்விசையிலேயே பாடவல்லனாவான். எழுத்தறியாதவனும் ஓதுவார் பின்னின்று இரண்டாம் பாட்டிலேயே குரல் கூட்டவல்லனாவான். ஆசிரியர் கட்டளை பிழையாது பாடிய அருமை அவர்க்குப் பயன்பட்டதினும், பின்னே பாடும் ஆயிரவர்க்குப் பயன்பட்டதே பெரிது. திருநாவுக்கரசர் அருளிய திருத்தாண்டகங்கள் பண்பெயரால் வகுக்கப்படாது யாப்பின் பெயராலேயே வழங்குகின்றன. ஆயினும் அவற்றிலும் தாண்டக அளவு நிற்றலின் கூட்டமாய்ப் பாடுதற்கு இடர் இல்லை. பண்பெயர் இல்லாத இடத்தும் அளவு உளது.

ஈண்டே இவ்வினாவின் உள்ளுறை புலனாகின்றது. இசையிலக்கணம் பாடுவோனுக்கு மட்டும் உரியதன்று. அவனுக்குப் பின் பாடுவோர்க்கு உரியது. ஒருவன் தனித்திருந்து தன் இறைவனைப் பாடுங்கால் அவன் அழுகையும் பாட்டே. அதனை இறைவன் கேட்கின்றான். ஆங்கு எவ்விலக்கணமும் வாயில் காப்போனாய் நிற்றற்கு உரிமையில்லை. ஆயின் அப்பாட்டு மற்றோர் உயிர்க்கும் பயன்பட வேண்டுமெனின், அதனைக் கைம்மாற்றிக் கொடுக்கும் கலம் வேண்டும். அக்கலமே இலக்கணம்.

இக்கலம் உடைந்தால் நேர்வது யாது என்பதனைத் திருமுறை கண்ட வரலாறு உணர்த்தும். தில்லையில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழவேந்தனும் வெளிப்படுத்தியபோது, செல்லரித்தன போக எஞ்சிய பதிகங்களின் சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. குடுமியான்மலையில் இசைக்குறி இருந்து சொல் இல்லாதவாறு போல, தில்லையில் சொல் இருந்து இசை இல்லையாயிற்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தோன்றிய திருஎருக்கத்தம்புலியூரில், அவர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் உளர் எனத் திருவருள் உணர்த்த, அவ்வம்மையாரைக் கொண்டே பண்ணும் கட்டளையும் வகுக்கப்பெற்றன எனத் திருமுறைகண்டபுராணம் கூறும். அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என இன்று வழங்குகின்றது. வேந்தன் செல்வமும் நம்பியின் புலமையும் செய்யமாட்டாத ஒன்றனை, தன் முன்னோர்பாற் கேட்டதனை மறவாது காத்த ஒருத்தி செய்தாள். அவள் பாட்டியற்றினவள் அல்லள். அவள் காத்த இலக்கணம் இல்லையேல், பாட்டியற்றிய பெருமக்கள் திருவாக்கு ஏட்டளவில் நின்றிருக்கும். அந்தப் பயிற்சியை வறிய இலக்கணம் என இகழ்வார் உளரோ?

அங்ஙனமே இலக்கணத்தை மிகுத்து மதித்தலாகாமையும் யாழ்ப்பாணர் வரலாற்றிலேயே விளங்கும். அவர் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தில், உறவினர், இவர் யாழில் இட்டு வாசித்தலாலேயே திருஞானசம்பந்தர் பதிகம் புகழ் பெறுகின்றது எனக் கூறினர். கேட்டு நடுங்கிய யாழ்ப்பாணர், கண்டத்திலும் கருவியிலும் அடங்காததோர் இசையைப் பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினர். பிள்ளையார் பாடினார், யாழில் அவ்விசை அடங்கவில்லை. யாழ்ப்பாணர் அதனை உடைத்தற்கு ஓங்கினர். அப்பொழுது பிள்ளையார் அக்கருவியைத் தம் கையில் வாங்கி, இறைவன் புகழ் இக்கருவியளவில் அடங்குவதோ என்று தேற்றி, அடங்கியவளவில் இசைப்பீராக என மீண்டும் அவரிடமே அளித்தருளினார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் யாழ் தோற்றதனையே பெரிதாகக் கூறுவர். யாழ் உடைபடாமல் காக்கப்பட்டதே அதனினும் பெரிது. தம் இசை கருவிக்கு மேற்பட்டது என்பதனை மெய்ப்பித்த அப்பெருமானே, கருவியை எறிக என்னாது, இசைக்க என்றார். அளவுக்குட்படாத பொருளை அளவுடைய கருவியால் தொழுதலே உயிர்க்கு இயன்ற தொண்டு. கருவியின் எல்லை காணப்பட்டது கருவியைக் கைவிடுதற்குக் காரணமாகாது. அடங்கி நிற்றற்கே காரணமாம். இன்று அந்த யாழ்முரித் திருப்பதிகத்தையே ஓதுவாமூர்த்திகள் அடாணா என்னும் இராகத்தில் பாடக் கேட்கின்றோர் உளர். யாழில் அடங்காத பாட்டும் ஓர் இசைமுறை பற்றியே நம்மவர் செவியை எய்துகின்றது.

பிற்காலத்தோரும் இவ்வுண்மை உணர்ந்தே உழைத்தனர். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து இயற்றிய யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் சென்னையில் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்துவதாயிற்று. ஓதுவார்கள் இன்று இந்தளத்தை மாயாமாளவகௌளை முதலிய இராகங்களிலும், கொல்லியை நவரோசிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுகின்றனர். முன்னைப் பண்ணின் உருவம் இதுவேயோ என்பது பற்றி அறிஞர் வழக்கிடுதல் உண்டு. அவ்வழக்கு முடியுமளவும் பாடுதல் நிற்கவில்லை. பாடுதல் நிகழ்கின்றமையால் வழக்கிடுதலும் நிற்கவில்லை. அன்பும் ஆராய்ச்சியும் ஒன்றற்கொன்று துணையாய்ச் செல்லும் முறை இதுவே.

ஆகவே துணியத்தக்கன மூன்று. பண் அறியாதார் வாய் திறத்தற்கு அஞ்ச வேண்டுவதில்லை. வெண்ணெய்நல்லூரில் இறைவன் கேட்டது பாட்டு, தேர்வு அன்று. பண் அறிந்தார் அறியாதாரை இகழ்தற்கு உரியரல்லர். அவ்விகழ்ச்சி ஆணவ மலத்தின் செயலன்றி இசையின் பயனன்று. கற்றது பிறர்க்குக் கைகொடுத்தற்கே என்பது எருக்கத்தம்புலியூர் அம்மையார் காட்டிய நெறி. மூன்றாவதாக, பிறரும் பாடத்தக்க பாட்டினை இயற்றப் புகுவார், கல்லாமையை அன்பின் பெயரால் மறைத்தல் ஆகாது. தம் பாட்டை மற்றொருவன் நாவில் வைக்கக் கருதுவார், அவன் மூச்சு எத்துணை நீளும், அவன் செவி எதனைப் பற்றும், அவன் அடி எங்கே தாழும் என அறிந்து கொள்ளக் கடமைப்பட்டவர். அவ்வறிவே இசைநூல். அதனைக் கற்கும் வருத்தமும் அன்பின் ஒரு கூறே.

திருநாவலூரிலே மாலைப்பூசைக் காலத்து, ஓதுவார் ஒருவர் இந்தளம் எடுக்க, அறிந்தாரும் அறியாதாரும் உடன் பாடுவராயின், யார் குரல் பண்ணில் நின்றது, யார் குரல் பிழைத்தது என இறைவன் எண்ணுவனல்லன். எனினும் அவர் அனைவரும் ஒருங்கு பாடுதற்கு வாய்த்தது, முன்னே ஒருவர் பிழையாது பாடி, பின்னே பலர் மறவாது காத்தமையாலன்றோ? பாட்டை அளித்தது அருள். அதனைக் காத்தது பயிற்சி. இரண்டற்கும் நன்றி செலுத்தும் வழி, பாடுதலும் கற்றலும் ஆகிய இரண்டுமேயாம்.

திருச்சிற்றம்பலம்.